பலகையில் 1957, பதிவேட்டில் 1098

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எல்லையோர அரசுப் பள்ளிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்கள் செங்கோட்டைப் பக்கத்தை நினைத்து ஒருவர் எழுதியதே பெரிய மகிழ்ச்சி. ஆனால் இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் எல்லாம் 1956க்குப் பிறகு, காமராசர் ஆட்சியில் வந்தவை என்று அதில் இருக்கிறது. அது சரியல்ல. கட்டுரையாளரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பலகையே ‘தோற்றம் 1957’ என்றுதான் சொல்கிறது. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை நான் உள்ளே போனேன். என் அப்பா 1942இல் அதே பள்ளியில் சேர்ந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் பொருந்தவில்லையே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முப்பது வருடம் வேறு ஊர்களில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஆதாரில் அவருடைய பிறந்த தேதி தவறு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் இருந்தால் திருத்தலாம் என்றார்கள். 1957க்கு முந்தைய பதிவேடுகள் அலுவலகத்தில் இல்லை. உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த பின்னறையில் ஒரு மர அலமாரி இருந்தது. தலைமையாசிரியை மறுப்பு சொல்லாமல் திறந்துவிட்டார். அடித்தட்டில் இருந்தவை கரையான் அரித்து மண்ணாகிக் கிடந்தன. மேல்தட்டில் பதினாலு பதிவேடுகள் தப்பியிருந்தன. அட்டையில், எங்கள் பகுதி அன்று இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை. உள்ளே சில பக்கம் ஆங்கிலம், சில பக்கம் தமிழ், பெரும்பகுதி மலையாளம். அலுவலகத்தில் யாருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியவில்லை. பழைய பேப்பருக்குப் போட வேண்டியது என்று கட்டிவைத்த மூட்டைக்குப் பக்கத்தில் அவை இருந்ததற்கு அதுதான் காரணம். இந்த நிலைமை பல ஊர்களில் இருக்கிறது. ஒரு பள்ளியை மட்டும் சுட்டுவது நியாயமில்லை என்பதால்தான் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் எங்களோடு வந்திருந்தார். அத்தைதான். ஐந்தாம் வகுப்பு வரையிலும், ஆறாம் வகுப்பில் சில மாதங்களும் அவர் மலையாளம் படித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். மூன்றாவது பதிவேட்டில், “இது எங்க அண்ணன்லா!” என்று நின்றுவிட்டார். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், தொழில் என்ற இடத்தில் ‘கிருஷி’, அதாவது விவசாயம், சேர்ந்த நாள் 1117 எடவம் (மே-ஜூனில் வரும் மலையாள மாதம்). 1117 என்பதைச் சேர்க்கை எண் என்று உதவியாளர் தம்பி நினைத்துவிட்டார். அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. எடவ மாதத்துக்கு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1942 வரும். பள்ளிச் சம்பளம் கட்டிய பக்கத்தில் தொகை, சக்கரம், காசு என்ற பழைய திருவிதாங்கூர் நாணயங்களில் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று அத்தை வாய்ப்பாடு மாதிரி சொன்னார். அவருடைய அம்மா கடைக்குப் போய் எண்ணிக் கொடுத்த கணக்கு அது.

தப்பியவற்றில் மிகப் பழைய பதிவேட்டின் முதல் பதிவு 1098 எடவம், அதாவது 1923. அந்தப் பக்கத்தின் முதல் சேர்க்கை எண் 412. அப்படியென்றால் அதற்கு முன்பே நானூறு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ‘தோற்றம் 1957’ என்று பலகை வைத்திருக்கும் பள்ளிக்கு நூறு வயது எப்போதோ தாண்டிவிட்டது!

இதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு வாசகர்களுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் எழுதுகிறேன். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் அங்கே ஆணையிட்டது 1817இல். அந்த ஆணை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி பெரிய போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. பதிவேட்டில் சாதி எழுதிய பகுதியை நாங்கள் புரட்டிக்கொண்டே வந்தோம். முதல் பத்துப் பதினைந்து வருடப் பெயர்கள் எல்லாம் இரண்டு மூன்று தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு தெருவாக உள்ளே வருகிறது. எந்தத் தெருவிலிருந்து எந்த வருடம் முதல் பிள்ளை வந்தது, எந்த வீட்டிலிருந்து முதல் பெண்பிள்ளை வந்தது, யார் பாதியில் நின்றார்கள் என்பது எங்கள் ஊரில் வேறு எந்தத் தாளிலும் இல்லை. கோயில் கல்வெட்டில் ராஜாக்கள் இருக்கிறார்கள். சுமை தூக்கியவரின் மகன் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறான்.

அப்புறம் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. கொல்லம் மாவட்டத்தில் இருந்த செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. குமரியின் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தில் 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டை இன்றும் நினைவுகூர்கிறார்கள், அது வேண்டியதுதான். செங்கோட்டைப் பகுதியின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

கல்வியாண்டின் நடுவில் மாநிலம் மாறினால் ஆறாம் வகுப்புக்கு என்ன நடக்கும்? அத்தைக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. புனலூரிலிருந்து ஒரு மலையாள சார் திங்கட்கிழமை ரயிலில் வந்து, வாரம் முழுக்கத் தங்கிப் பாடம் நடத்தி, சனிக்கிழமை திரும்புவார். 1904இல் போட்ட கொல்லம் ரயில்பாதை எங்கள் ஊர்களுக்குச் சரக்கை மட்டுமல்ல, வாத்தியார்களையும் கொண்டுவந்திருக்கிறது. அந்த சார் கேரளாவில் வேலை பார்க்க விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மலையாளப் பாட நேரத்தில் கொஞ்ச நாள் பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “போறதுக்கு முந்தி எல்லார் நோட்டையும் திருத்திக் கொடுத்துட்டுத்தான் போனார்” என்று அத்தை இப்போதும் சொல்வார். புது மாநிலத்துக்குப் புதுப் பதிவேடு போட்டார்கள். 1957 என்ற ஆண்டு அந்தப் புதுப் பதிவேட்டிலிருந்துதான் பலகைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காமராசர் காலத்தில் கட்டடம் பெருகியது, மதிய உணவு வந்தது, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அதில் படித்தவன்தான் நானும். ஆனால் அவர் காலத்தில் வளர்ந்த பள்ளி வேறு, பிறந்த பள்ளி வேறு. இது வளர்ந்த பள்ளி.

தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பழைய திருவிதாங்கூர் பகுதியில் இருந்த எந்தப் பள்ளியிலும் 1957க்கு முந்தைய தாள் எதையும், என்ன மொழியில் இருந்தாலும் சரி, கழிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். மீதியை ஸ்கேன் செய்து வைக்கலாம். பழைய நூல்களையும் சுவடிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவில் ஏற்றி வருகிறது. பள்ளிப் பதிவேடும் அந்த வரிசையில் வைக்கத் தகுந்ததுதான். சாதி விவரம் இருப்பதால் அப்படியே பொதுவில் போடக் கூடாது என்பதையும் நான் உணர்ந்தே சொல்கிறேன். பள்ளி தொடங்கிய ஆண்டைக் கண்டுபிடிக்க ஒருவர் திருவனந்தபுரம் போக வேண்டும். திருவிதாங்கூர் அரசின் கல்வித் துறைத் தாள்கள் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கும்.

மலையாளம் வாசிக்க ஆள் வேண்டும். புனலூரிலிருந்தோ ஆரியங்காவிலிருந்தோ வரச் சொன்னால் வருவார்கள், பக்கத்து ஊர்தானே. ஆனால் வீட்டுப் பெயர், தெருப் பெயர், பட்டப்பெயர் எல்லாம் எந்த வீட்டைக் குறிக்கிறது என்று சொல்ல எங்கள் ஊர் ஆட்கள் வேண்டும். அத்தைக்கு எண்பது வயது. தானே வந்து வாசித்துத் தருவதாகச் சொல்கிறார். மாடிப்படி மட்டும் ஏற முடியாது, காலை வெளிச்சம் இருக்கும்போது கீழறையில் ஒரு மேசை போட்டால் போதும் என்கிறார். ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் அந்தப் பின்னறைச் சுவர் மூன்று மாதத்துக்குக் காயாது. அதற்கு முன்னால் அலமாரியையாவது நகர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.