பதினாலு கார்கள் உள்ளே போன இரவு: அண்ணாவுக்கு

அண்ணா,

நேற்று உன் மருமகன் யூடியூபில் பழைய ஃபார்முலா ஒன் கார் ரேஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். "அம்மா, இவங்க எல்லாம் ஏன் உள்ள போறாங்க?" என்று கத்தினான். எந்த ரேஸ் என்று கேட்கவே தேவையில்லை. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். 2005, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அப்புறம்தான் உறைத்தது, நேற்று ஜூன் 19.

உன் நம்பருக்கு எழுதினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் சிலர் படிப்பார்கள். அம்மாவுக்கும் யாராவது படித்துக் காட்டுவார்கள். சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் சொல்கிறேன், உனக்குப் புரியும்.

அந்த ராத்திரி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு எல்லாமே இருக்கிறது. அப்பா எழுந்துவிடக் கூடாது என்று டிவி சத்தத்தை நீ குறைத்து வைத்திருந்தாய். 20 கார்களும் ஒரு சுற்று வந்து வரிசையில் நிற்க வேண்டிய நேரம். முதல் இடத்தில் இருந்த ட்ருல்லி நேராக பிட்டுக்குள், கார்களைச் சரிபார்க்கும் இடத்துக்குள், திரும்பினார். அடுத்தவரும் திரும்பினார். அதற்கடுத்தவரும். 14 கார்கள். முன்னால் இரண்டு ஃபெராரி, அப்புறம் நீளமாகக் காலி ரோடு, கடைசியில் இரண்டு மஞ்சள் ஜோர்டனும் இரண்டு மினார்டியும். அந்த மஞ்சள் கார்களில் ஒன்றில் நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன்.

"பயந்துட்டாங்களா அண்ணா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. சாப்பிட்டு வைத்திருந்த தட்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாய். "13வது வளைவு இப்படித்தான் சாய்ஞ்சிருக்கும். ஃபுல் வேகத்துல போறப்ப பாரமெல்லாம் இடது பின் டயர்ல விழும். வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கர் சுவத்துல போய் மோதினது அங்கதான். மிச்செலின் டயர் தாங்காதுன்னு அந்தக் கம்பெனிக்காரங்களே சொல்லிட்டாங்க. இந்த வருஷ ரூல்ல நடுவுல டயரும் மாத்த முடியாது." அந்த வளைவில் வேகம் குறைய ஒரு சிகேன், அதாவது வளைந்து வளைந்து போகும் தடுப்பு, போடக் கேட்டார்கள், ரேஸை நிர்வகிக்கும் எஃப்ஐஏ மறுத்துவிட்டது என்பதையும் நீதான் சொன்னாய். மிச்சம் ஆறு பேருடையது பிரிட்ஜ்ஸ்டோன் டயர், அதனால் அவர்கள் ரேஸை ஓட்டினார்கள்.

மைதானத்தில் ஜனங்கள் கத்தினார்கள், பாட்டில்களை வீசினார்கள். நரேன் ரேஸ் முடியும்வரை ஓட்டி நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். நீ குதிக்கவில்லை. "கடைசி வரைக்கும் ஓட்டினான்ல, அந்தப் பாயிண்ட் அவனுதுதான். உள்ள போனவங்க செஞ்சதும் சரிதான்" என்றாய். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

புரியாததால்தான் மூன்று வருடம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அன்றைக்கு நீ ஓட்ட வேண்டிய ரேஸ். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்று நீ சொன்னாய். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஓட்டலாம் என்றார் மெக்கானிக். நீ கொடி அசைவதற்கு முன்னாலேயே காரை உள்ளே கொண்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாய். உன் கூட்டாளிகள் எல்லாரும் நிற்கும்போது நான், "நீயும் அந்தப் பதினாலு பேரோட சேர்ந்துட்டியா" என்றேன். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

அண்ணா, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் நான் பீரோவில் எதைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த ரேஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அப்போது 19 வயது. அது வீணாகப் போகிறதே என்ற பதைப்பில்தான் வாய் அப்படிப் பேசியது. இண்டியானாபொலிஸில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மிச்செலின் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. நம் வீட்டுக்கு யார் திருப்பித் தந்தார்கள்?

நீயாவது பேசியிருக்கலாம். திட்டியிருக்கலாம். எதுவுமே சொல்லாமல் மஸ்கட்டுக்குப் போய்விட்டாய். அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டினாய். அம்மாவுக்கு மாத்திரை வாங்குவதும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடிப்பதும் நான்தான். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? உனக்கு வலித்ததென்றால் எனக்கும்தான் வலிக்கிறது.

அந்தப் பதினாலு கார்களின் ஏழு அணிகள் மேலும் எஃப்ஐஏ விசாரணை வைத்தது. ஜூன் கடைசியில் குற்றம் என்றார்கள், ஜூலையிலேயே குற்றமில்லை என்று தீர்ப்பை மாற்றினார்கள். அவர்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எத்தனை வருடமாகிவிட்டது பார். அன்று நீ ஓட்டியிருந்தால் முதல் வளைவிலேயே பிரேக் பிடிக்காமல் போயிருக்கலாம், ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு எப்படித் தெரியும்? பெடலில் கால் வைத்திருந்தது நீ. நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்.

நேற்று அவன் கேட்டதும் நானும் ஒரு தட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டினேன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன், டயர், பாரம், சிகேன் எல்லாம். "அப்ப உள்ள போனது தப்பில்லையாம்மா?" என்றான். தப்பில்லை என்றேன். பாதியில் தொண்டை அடைத்தது. அவன் பார்க்காத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் உன்னைப் போலத்தான் இருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆறு மாதமாக கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் கார் வகுப்புக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மாட்டேன் என்றே சொல்லி வந்தேன். நேற்று ராத்திரி சரி என்றுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். பரணில் இருந்த உன் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான், தலைக்குள் ஆடுகிறது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் உதிர்கிறது. அதைப் போட்டு ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். புதிது வாங்க வேண்டும். டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்தேன், 54 சென்டிமீட்டர். அதற்கு எந்த அளவு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். அதற்குள் போன் பண்ணு.