ஒரே எஞ்சின், நான்கு பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்காகத் தங்கள் இதழ் சென்ற மாதம் வெளியிட்ட வழிகாட்டியை முழுவதும் படித்தேன். ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்ப்பது, வங்கிக் கடன் நிலுவையைத் தெரிந்துகொள்வது, காப்பீட்டைப் பெயர் மாற்றுவது பற்றிய பகுதிகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் கார் நிறுவனங்களின் பெயர்களை ‘நம்பலாம்’, ‘யோசிக்கலாம்’, ‘தவிர்க்கலாம்’ என்று மூன்று வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்த அட்டவணையை என்னால் ஏற்க முடியவில்லை. கோவையில் 26 ஆண்டுகளாக எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்திவருபவன் என்பதால், வண்டியின் மீதுள்ள பெயருக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு மக்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே மிகத் தெளிவான சான்று ஒன்று உண்டு. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்திலிருந்து வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினைக் கார் ஆர்வலர்கள் ‘தேசிய எஞ்சின்’ என்றே அழைத்தார்கள். 1248 சி.சி. கொண்ட இதே எஞ்சின் 2007இல் மாருதி ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் வந்தது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் ஆனது. ஃபியட்டின் சொந்த வண்டிகளான லீனியாவிலும் புன்டோவிலும் மல்டிஜெட் என்றே இருந்தது. செவர்லே செயில் வண்டியில் வேறொரு பெயரில் ஓடியது. உரிமம் பெற்று மாருதி மானேசரில் செய்தது. ஃபியட்டும் டாடாவும் புனே அருகே ரஞ்சன்காவில் சேர்ந்து செய்தன. எஞ்சினைப் பொறுத்தவரை இவை உடன்பிறந்த வண்டிகள். ஆயினும் ‘மாருதி டீசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று சொன்ன அதே வாய், ‘ஃபியட்டா, பக்கத்தில் போகாதே’ என்றும் சொன்னது. 2020இல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிமுறை வந்து அந்த எஞ்சின் சந்தையைவிட்டுப் போகும்வரை இந்த இரண்டு பேச்சும் அருகருகே நடந்துகொண்டேயிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், தம் தந்தையாருடன், வாங்க நினைத்த இரண்டு வண்டிகளைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டும் 2013ஆம் ஆண்டு வண்டிகள், வெவ்வேறு நிறுவனங்களுடையவை, ஆனால் ஒரே எஞ்சின். நல்ல பெயர் உள்ள வண்டி பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. மீட்டர் 82,000 கிலோமீட்டர் காட்டியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் அடிப்பக்கம் ஆயில் கசடு வண்டிமை போலக் கெட்டியாக ஒட்டியிருந்தது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும், எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் மூன்று நான்கு நொடிகள் கலகலத்தது. கிளட்ச் பெடலின் ரப்பர் கோடே இல்லாமல் மழமழவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தால், மீட்டரில் உள்ள எண்ணை நம்ப எனக்கு மனம் வரவில்லை. மற்றொரு வண்டி 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேற்கூரையில் பெயின்ட் வெளுத்திருந்தது. ஆனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில்கள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன, எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவதை எடுங்கள் என்றேன். தந்தையார் சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு, “நீங்க சொல்றது செரிதானுங்க. ஆனா நாளைக்கு விக்கப் போனா இந்த வண்டிய ஆருங்க வாங்குவாங்க?” என்றார். முதல் வண்டியைத்தான் எடுத்தார்கள்.

எட்டு மாதங்களில் அது செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றுவதற்கு என்னிடமே வந்தது. முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றாமல் ஓட்டியதன் விளைவு அது. வண்டியைச் செய்தவர்கள் மீது அதில் குற்றமில்லை. பில்லைக் கையில் வாங்கிய இளைஞர் “என் நேரம் சரியில்லை” என்றார். இதே பழுது மற்ற வண்டியில் வந்திருந்தால் ‘அந்தக் கம்பெனி வண்டியே அப்படித்தான்’ என்று அவரும் சொல்லியிருப்பார், அவருடைய உறவினர்கள் பத்துப் பேரும் சொல்லியிருப்பார்கள். பெயர் உள்ள வண்டி நின்றால் அது தன் தலையெழுத்து. பெயர் இல்லாத வண்டி நின்றால் அது கம்பெனியின் குணம். இந்தக் கணக்கில் நல்ல பெயர் ஒருநாளும் குறையாது, கெட்ட பெயர் ஒருநாளும் மாறாது.

மக்களுடைய கருத்து முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஃபியட்டின் கெட்ட பெயருக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. டாடாவின் ஷோரூம்களிலேயே விற்கப்பட்டு, அங்கேயே சர்வீஸ் செய்யப்பட்டு, பின்னர் 2012இல் தனி விற்பனை அமைப்பு என்று முடிவான அந்த வண்டிகளுக்கு ஊருக்கு ஊர் ஆள் இல்லை, ஸ்பேர் இல்லை. ஒரு கண்ணாடிக்காகவோ சஸ்பென்ஷன் பாகத்துக்காகவோ வண்டி நாள்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், அதன் உரிமையாளர் நினைவில் அது ‘அடிக்கடி கெடும் வண்டி’ என்றே பதிகிறது. உண்மையில் அது ஒரே ஒருமுறை கெட்டு, சரியாக நெடுநாள் ஆன வண்டி. எளிதில் கெடாத வண்டி வேறு. கெட்டால் எளிதில் சரியாகும் வண்டி வேறு. வாங்குபவருக்கு இரண்டும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டையும் ‘நம்பகம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதால்தான் தங்கள் அட்டவணை போன்றவை பிறக்கின்றன.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் டொயோட்டா கரோலாவும், அதன் உடன்பிறப்பான பிரிஸம் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் காரும் ஒரே தொழிலாளர்களின் கையில் உருவாகி வெளியே வந்தன. பழைய கார் சந்தையில் கரோலாவுக்குக் கிடைத்த விலை பிரிஸத்துக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் 2019இல் மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்ஸா என்ற பெயரில் வந்தபோது ‘டொயோட்டா என்றால் நிம்மதி’ என்று சொல்லி வாங்கியவர்களை நான் அறிவேன். வண்டியை டொயோட்டாவுக்குக் கொடுத்தது மாருதி சுஸுகிதான். அன்று வாங்குபவருக்கு மெய்யாகவே கிடைத்த கூடுதல் பயன் வாரண்டியில் இருந்தது: கிளான்ஸாவுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். அதைச் சொல்லி வாங்கியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். 2024இல் மாருதியும் தன் வாரண்டியை 3 ஆண்டாக உயர்த்திவிட்டது.

டொயோட்டாவின் நல்ல பெயர் உழைத்துச் சம்பாதித்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெயரும் எல்லா வண்டிக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. உறுப்பினர்களின் அனுபவங்களைத் திரட்டி வெளியிடும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டொயோட்டா என்பதற்காகவே புதிய வண்டிகளைப் பரிந்துரைத்துவந்த வழக்கத்தை 2007இல் நிறுத்தியது. டொயோட்டாவின் கேம்ரி காரில் ஆறு சிலிண்டர் வகையும் டண்ட்ரா பிக்கப்பின் ஒரு வகையும் அந்த ஆண்டு நம்பக மதிப்பீட்டில் சராசரிக்குக் கீழே போனதே காரணம். அதே கேம்ரியின் நான்கு சிலிண்டர் வகைக்கு அந்தக் குறை இல்லை. ஒரே பெயர், ஒரே மாடல், எஞ்சின் மாறியதும் முடிவு மாறியது.

ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப்போகும் தன் ஊழியர்களின் பதிவுகளைக் கொண்டு, எந்த மாடல், எந்த ஆண்டு வண்டி, ஆயிரத்துக்கு எத்தனை முறை நின்றது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு ஆண்டு முதலிடம் பிடிக்கும் காரணம் எஞ்சினும் அல்ல, கியர்பாக்ஸும் அல்ல. சாதாரண 12 வோல்ட் பேட்டரி. நம் நாட்டிலோ சொந்தப் பயன்பாட்டுக் கார் பதிவாகி 15 ஆண்டுகள் ஆகும்வரை தகுதிச் சோதனைக்கே போவதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் மாமனும் மச்சானும் சொன்னதே கணக்காகிவிடுகிறது. இத்தகைய நிலையில் அச்சில் வரும் ஓர் அட்டவணைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் இதழைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டே என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் இந்த மாதத்தில் மட்டும் மூவர்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த வழிகாட்டியை வெளியிடும்போது நிறுவனப் பெயர்களின் வரிசையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அதில் வழக்கமாக வரும் பழுது என்ன, ஸ்பேர் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதுங்கள். நிறுவனங்கள் திரும்ப அழைத்த வண்டிகளின் விவரத்தையும் சேர்த்து, அந்த வேலை முடிந்ததா என்று விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கோவையில் எங்களைப் போன்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். தாங்கள் விரும்பினால், எங்கள் வேலைப் பதிவேடுகளிலிருந்து மாடல்வாரியாகத் திரட்டித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.