எல்லாம் உறையா?

அன்புள்ள மீனா,

நான்கு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் மகள் விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டாளா?

நேற்று வகுப்பில் ஒரு சிறுமி தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுதானே டீச்சர் விதையுறை?" என்றாள். இல்லை. சிரட்டை கனியின் உள்ளுறை. மட்டையின் நார் நடுவுறை. பருப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல்தான் விதையுறை. சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வெளியுறை, நடுவுறை, உள்ளுறை, விதையுறை. எல்லாம் உறை என்றே முடிந்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வாள்?

மட்டை, சிரட்டை, தோடு, தொலி, உமி என்று நமக்கு எத்தனை சொற்கள்! விடுதி மொட்டைமாடியில் கடலையைத் தேய்த்து என் தலையில் ஊதிவிடுவாயே, அந்தச் சிவப்புத் தொலிதான் அதன் விதையுறை. தொலியை விடக் கெட்டியானது தோல், அதைவிடத் தோடு, அதையும் விட ஓடு என்று சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் வரிசைப்படுத்தியிருக்கிறார். விரல் நுனிக்குத் தெரிகிற வேறுபாடு அது.

ஆனால் விரல் மட்டும் போதாது, மீனா. நெல்லின் உமி கனியின் தோலே அல்ல, பூவை மூடியிருந்த இரண்டு செதில்கள். கனித்தோலும் விதைத்தோலும் ஒன்றாக ஒட்டி, தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகின்றன. உமி, தவிடு என்று உரலடியில் பிரித்தவர்கள் சரியாகத்தான் பிரித்தார்கள். தவிட்டுக்குள் இருப்பதைப் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும், புதுச்சொல்லும் வேண்டும்.

இன்று காலை ஈரச்சாக்கில் மக்காச்சோளம் முளைத்திருந்தது. வெள்ளை ஊசிபோல் நின்ற முளைக்குருத்து உறையைக் கிழித்துக்கொண்டு முதல் இலை சுருளாக எட்டிப் பார்த்தது. அந்த உறைக்கு ஆங்கிலத்தில் கோலியோப்டைல் என்று பெயர்; அதில் இருக்கும் 'கோலியோஸ்' கிரேக்கத்தில் வாளுறை. கெட்டியான முன்சிறகுக்குள் பறக்கும் சிறகை மடித்து வைத்திருக்கும் வண்டினத்துக்கும், கோலியாப்டெரா என்று அதே சொல்லில்தான் பெயர். உறை என்றால் இதுவல்லவா உறை! உள்ளே இருப்பது உருவிக்கொண்டு வெளியே வரவேண்டும். சிரட்டையை உடைக்கத்தான் முடியும்; அதை ஓடு என்றே இனி எழுதப் போகிறேன்.

உங்கள் ஊரில் இன்னும் வரகு விதைக்கிறார்கள் அல்லவா? வரகின் உமிக்குக் கொம்மை என்று பெயராம். உன் மாமியார் வாயில் அந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்டு எழுது. ஒரு கைப்பிடி வரகும் அனுப்பு, குத்தாமல்.

அன்புடன்,
கலா