கணக்கு உதைக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், குடியாத்தத்தில் இருக்கும் தாத்தாவுக்கும் வணக்கம்.

பெரியவள், வீட்டிலிருந்தே படித்து எழுதும் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்திலும் தேறிவிட்டாள். சின்னவன் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, அதுவும் அவனே கேட்டுச் சேர்ந்தான். இதையெல்லாம் வீடு வீடாக வந்து சொல்லி ஸ்வீட்டும் கொடுத்தாயிற்று. ஆனால் ஸ்வீட்டை வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு "எல்லாம் உன் உழைப்புதாம்மா" என்றீர்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும், அதை எழுதிவிடுகிறேன்.

கொரோனா முடிந்து 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்தபோது பெரியவள் ஏழாவது. கட்டணப் பாக்கி வைத்திருந்தவர்களின் பெயரைப் பிரேயரில் நிற்க வைத்து வாசித்திருக்கிறார்கள். அதில் இவள் பெயரும் இருந்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். மறுநாள் யூனிஃபார்ம் போட மாட்டேன் என்று பீரோ பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்காவைப் பார்த்து இரண்டாம் வகுப்புக்காரனும் உட்கார்ந்துகொண்டான். சரி, கொஞ்ச நாள் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று ஆரம்பித்தோம். கொஞ்ச நாள் மூன்றரை வருஷமாகிவிட்டது.

முதல் மாதம் நான் செய்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஏனென்றால் என் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. காலை ஒன்பது மணி முதல் நாலு மணி வரை பீரியட் பிரித்துச் சுவரில் அட்டவணை ஒட்டினேன். மூன்றாவது வாரம் அட்டவணையின் ஒரு மூலையைச் சின்னவன் தின்றே விட்டான். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். அதுவும் நடக்காமல், எழுதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 ரூபாய் என்று அறிவித்தேன். நான்கு நாள் அமோகம். ஐந்தாவது நாள் நோட்டைப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஆறே வரி, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. "பக்கத்துக்குத்தானம்மா காசு?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

மாடி வீட்டுத் தங்கச்சி, உனக்குத்தான் முதல் நன்றி. மனவியல் படிக்கிற பெண் நீ. இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு நர்சரிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைச் சொன்னாய். ஸ்கெட்ச் பேனாவில் தானாக ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் பரிசு இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள்தான் பேனாவைக் குறைவாகத் தொட்டார்கள் என்றாய். அன்றோடு 2 ரூபாய் நின்றது. சின்னவனுக்கு உன் மேல் இன்னும் கோபம்.

பெரியவள் விஷயத்தில் நான் செய்த தப்பு வேறு. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஒரு முறை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். பயம் போகட்டும் என்று இதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். பயம் போயிற்று, கூடவே புத்தகமும் போயிற்று. "ஒன்பது சான்ஸ் இருக்கும்மா" என்று படுத்துக்கொண்டே கதைப் புத்தகம் படிப்பாள். நான் கத்துவேன். அவள் பக்கத்தைத் திருப்புவாள்.

எதிர்வீட்டு டீச்சரம்மா, ஒருநாள் நீங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தீர்கள். சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சின்னவனின் நோட்டைப் புரட்டிவிட்டு, "சீக்கிரம் முடிச்சா இன்னா பண்ணுவே?" என்று என்னைக் கேட்டீர்கள். "இன்னும் நாலு கணக்கு போடச் சொல்லுவேன்" என்றேன். "அதான். முடிச்சா வேலை ஜாஸ்தி ஆவுதுன்னு தெரிஞ்சிகினான். எவன் முடிப்பான்?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளியில் ஓட்டியவர் நீங்கள். நேரத்தை வைக்காதே, வேலையை வை என்றீர்கள். ஒரு பக்கம் வாய்விட்டு வாசிப்பு, ஐந்து கணக்கு, ஒரு பத்தி எழுத்து. முடித்தால் அன்றைய நாள் அவனுடையது, பத்து மணிக்கே முடித்தாலும் சரி. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்புக்கு எட்டு பீரியட் வேண்டும், ஒரே பிள்ளைக்கு எதற்கு என்றீர்கள். முதல் நாள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, நான் நிஜமாகவே விடுவேனா என்று வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கணக்கு கொடுக்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். அக்னி நட்சத்திரம் வந்ததும் காலை ஐந்தரைக்கே மொட்டை மாடியில் பாயை விரித்தோம். நம்மூர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் எந்தப் பிள்ளைக்கு மூளை வேலை செய்யும்?

ஆனாலும் ஐந்து கணக்கைத் தினமும் ஏன் போட வேண்டும் என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. 'அம்மா சொன்னாள்' என்பது எத்தனை நாளைக்கு ஓடும்?

அந்தப் பதில் முனையில் வேப்பமரத்தடியில் இருந்தது. இஸ்திரி அண்ணே, நீங்கள் படித்தால் சிரிப்பீர்கள், ஆனால் இந்த மடலே உங்களுக்காகத்தான் தொடங்கியது. வண்டியில் கரி போட்டுக்கொண்டே, "தம்பி, எனக்குக் கண்ணு சரியா தெரியல, சாயந்திரத்துல யார் வூட்டுத் துணி எத்தினின்னு நோட்டுல எழுதித் தர்றியா?" என்று கேட்டீர்கள். அப்போது அவன் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இருந்தான், ஏழாம் வாய்ப்பாடு என்றாலே அழுவான். ஒரு சட்டைக்கு 8 ரூபாய் உங்கள் ரேட். எங்கள் தெருவில் வாரத்துக்கு ஏழு சட்டை கொடுக்கிற வீடுதான் அதிகம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை நான் மூன்று மாதம் மண்டையில் ஏற்றப் பார்த்தேன், உங்கள் வண்டி மூன்று நாளில் ஏற்றிவிட்டது.

அந்தச் சம்பவத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வியாழக்கிழமை கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்துவிட்டு அவன் போகவில்லை. மறுநாள் காலை நீங்களே எங்கள் கேட்டுக்கு வந்தீர்கள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அவனைக் கூப்பிட்டீர்கள். நேற்றைய பக்கம் வெள்ளையாக இருந்த அந்த நீள நோட்டை அவன் முன்னால் விரித்து, "அந்த அம்மா ஒம்பது குடுத்தேன்றாங்க, எங்கிட்ட எட்டுதான் கீது. நீ எழுதலன்னா என் கணக்கு உதைக்குது தம்பி" என்றீர்கள். திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அப்புறம் செருப்புக்கூடப் போடாமல் உங்களோடு ஓடி, ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, இன்னொரு வீட்டுத் துணிக்குள் மாட்டியிருந்த கட்டம் போட்ட சட்டையைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து காய்ச்சல் வந்த நாளில்கூட அக்காவை அனுப்பிக் கணக்கு எழுதவைத்தான். நான் கொடுத்த கணக்கைப் போடாவிட்டால் உலகத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கணக்கு அப்படி இல்லை, ஒருவர் அதற்காகக் காத்திருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் பெரியவளுக்கும் ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தாத்தா, அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. தபால் இலாகாவில் சம்பாதித்த பென்ஷனில் நிம்மதியாக இருந்தவரைப் பிடித்துக்கொண்டோம். நீங்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: போனில் பேச மாட்டேன், அன்றைக்குப் படித்ததைப் போஸ்ட் கார்டில் எழுது, எனக்குப் புரிந்தால் பதில் போடுவேன், புரியாவிட்டால் கேள்வி போடுவேன். 50 பைசா கார்டு. முதல் கார்டில் அவள் முகவரியைச் சரியாக எழுதவில்லை என்பதற்கே பதில் வந்தது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது, முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், நம் 632 எங்கே வருகிறது பார் என்று கார்டு முழுக்க நுணுக்கி எழுதியிருந்தீர்கள்.

மின்சாரப் பாடம் படித்த வாரத்தில் அவள் 'ஆற்றல், திறன்' என்று புத்தக வரிகளை அப்படியே எழுதி அனுப்பினாள். உங்கள் பதில் ஒரே வரி: "யூனிட் யூனிட் என்கிறார்களே, உன் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் எத்தனை யூனிட் தின்னும்?" அவள் நாற்காலியைப் போட்டு ஏறி ஃபேனில் எழுதியிருந்ததைப் படித்தாள். 75 வாட். ஒரு நாள் முழுக்க ஓடினால் 1,800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். 60 நாளுக்கு 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு அப்போது இலவசமாகத் தந்த 100 யூனிட் ஒரே ஒரு ஃபேனுக்கே பத்தாது என்று தெரிந்ததும் வீடு முழுக்க ஓடி ஸ்விட்சை அணைத்தாள். மே மாதம். வியர்வையில் நனைந்துகொண்டு நாங்கள் மூன்று பேரும் உங்களைச் சபித்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குத் தபால் எடுப்பதற்குள் கார்டைப் போட வேண்டும் என்பதற்காகவே மூன்று மணிக்குப் பாடத்தை முடிக்க ஆரம்பித்தாள். ஒன்பது சான்ஸ் பேச்சு அத்தோடு நின்றது.

சில நாட்களில் யாரும் எதுவும் சொல்லாமலே வேலை நடந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்த 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம் அல்லவா? பள்ளியை விட்டு நின்ற புதிது, பேனாவையே தொடாமல் இருந்தவள் அன்று ராத்திரி இரண்டு பக்கம் எழுதினாள். ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதை முதல் வரியாக வைத்து, தண்ணீர் வந்துவிட்டது என்று முடித்திருந்தாள். அதைப் படித்த பால்கார ஆயா, சாமியும் வந்துவிட்டது என்று திருத்தினார். 1981-இல் ஜலகண்டேஸ்வரரைச் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குக் கொண்டுபோன கதையை, நேற்று நடந்ததுபோல அரை மணி நேரம் சொன்னார். ராஜா மட்டும்தான் பாக்கி.

ஆட்டோ அண்ணன், விரிஞ்சிபுரம் சவாரி போகும்போது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனதற்கு நன்றி. மதிலழகைப் பார்க்கப் போனவர்கள், கோயில் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல்லில் குச்சியை வைத்து, நிழல் விழுந்த எண்ணையும் உங்கள் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். கோணம் என்றால் என்னவென்று அதற்கப்புறம் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அன்று ஒரு சவாரி போயிற்று என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் சாயந்திர வகுப்பை நடத்திய பின்தெருப் பாப்பாவுக்கு: எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லாத பையனை ஓரமாக உட்கார வைத்துக்கொண்டாய். சாயந்திரம் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியதால்தான் பள்ளிக்குப் போகிறேன் என்று அவனே கேட்டான். தையல்கார அக்காவுக்கு இஞ்ச் டேப்புக்காகவும், நூலகத்தில் மூன்று புத்தகத்துக்குப் பதில் ஐந்து எடுத்துப்போக விட்டவருக்கு அந்த இரண்டு புத்தகத்துக்காகவும், காலை ரயிலுக்கு ஆம்பூர் ஓடுவதற்கு முன்னால் தினமும் அந்த மூன்று வேலையையும் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போன எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்துக்காகவும் நன்றி.

"வூட்லயே வெச்சிகினு பசங்கள கெடுக்கிறா" என்று சொன்ன உறவுக்காரர்களும் இதைப் படிக்கலாம். நீங்கள் முழுக்கத் தப்பாகவும் சொல்லவில்லை. முதல் மாதம் கெடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் மொட்டை மாடியில் டீயும் இளவம்பாடிக் கத்தரிக்காய் பஜ்ஜியும். எல்லோரும் வர வேண்டும். தாத்தா, உங்களுக்குத் தனியாகக் கார்டு வருகிறது, அதில் பின்கோடு சரியாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

இஸ்திரி அண்ணே, நோட்டை வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாமாம். நாலே காலுக்குப் பள்ளி விடுகிறது, நாலரைக்கு மரத்தடியில் இருப்பேன் என்று சொல்லச் சொன்னான். காலையில் அவசரத்தில் அவன் யூனிஃபார்ம் சட்டை மூன்றும் என் புடவை இரண்டும் வண்டியில் போட்டுவிட்டு வந்தேன். அவன் வந்ததும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரியவள், சின்னவன் இருவரின் அம்மா