கடைசிப் பெனால்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் போட்டிக் குழுவினருக்கும், கிண்ண இறுதியாட்டம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் நடத்தப் பொறுப்பெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கழகங்களுக்கிடையிலான எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தை யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் வையுங்கள் என்று கேட்கிறோம். இறுதியாட்டத்தில் மோதும் கழகங்கள் இரண்டும் தெற்கிலிருந்தே வந்தாலும் இங்கே சனம் வரும். நாவாந்துறை என்றால் சென். மேரிஸ், பாசையூர் என்றால் சென். அன்ரனீஸ், குருநகர் என்றால் பாடும்மீன் என்று கழகத்தை வைத்தே ஊரை அடையாளம் சொல்லுகிற இடம் இது. ஆகவே கூட்டத்தைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. கவலை எல்லாம் மணிக்கூட்டைப் பற்றித்தான்.

லீக் ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கிண்ண இறுதியாட்டத்தை அப்படி நம்ப முடியாது. முதற்பாதி 45 நிமிடம், வீணான நேரத்துக்கு 3, இடைவேளை 15, இரண்டாம் பாதி 45, அதோடு 6. இதுவே 114 நிமிடம். சமநிலை என்றால் மேலதிக நேரத்துக்கு முன் 5 நிமிடம் மூச்சு வாங்க விடவேண்டும். மேலதிக நேரம், பக்கம் மாறுவதும் சேர்த்து, 34 நிமிடம். பிறகு நாணயம் சுண்டி, பட்டியல் சரிபார்த்து, நடுவட்டத்தில் வீரர்களை நிறுத்த இன்னொரு 5. பத்துப் பெனால்டி உதைகளுக்கு 12. மொத்தம் 170. ஐந்துக்கு ஐந்தும் சமமாகி ஒன்றுக்கொன்றாக இழுபட்டால் ஒவ்வொரு சோடி உதைக்கும் 2 நிமிடம் கூடும். ஆக, பந்து உருளத் தொடங்கியதிலிருந்து 3 மணித்தியாலம் ஒதுக்கவேண்டும். கிண்ணம் கொடுப்பது இதற்குள் வராது.

யாழ்ப்பாணத்தில் பெப்ரவரி நடுவில் சூரியன் மறைவது மாலை 6.18 அளவில். ஜூன் கடைசியில் 6.34. செப்டெம்பர் நடுவில் 6.11. அதற்குப் பிறகு இருபது நிமிடம் மங்கல் வெளிச்சம் இருக்கும். 11 மீற்றரிலிருந்து வரும் பந்தைப் பிடிக்க அது போதாது. அழைப்பிதழில் 4.00 மணி என்று அடித்து, பிரதம விருந்தினர் வந்து, மாலை போட்டு, இரண்டு பேர் பேசி, 4.25க்கு விசில் ஊதினால் கடைசி உதை 7.25க்கு. மின்னொளி இல்லாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு நியாயமான முடிவு கிடையாது. மின்னொளியை நம்பவில்லை என்றால் சரியாக 3.00 மணிக்குத் தொடங்குங்கள். நவம்பரை விட்டுவிடுங்கள்: சூரியன் 5.45க்கே போய்விடும், அதோடு மாரி மழை.

3.00 மணி வெயிலில் எப்படி ஆடுவது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.ரி. மானி 32 பாகையைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் உடல் தணிக்கும் இடைவேளை கொடுங்கள். விதி அனுமதிப்பது 90 செக்கனிலிருந்து 3 நிமிடம் வரை. வெறும் தண்ணீர் இடைவேளை ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, பயிற்றுநர் பலகை எடுத்துப் பாடம் நடத்தும்வரை மத்தியஸ்தர் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு.

மேலதிக நேரத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. விதி சொல்வது இரண்டு சம பகுதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மேற்படாமல் என்றுதான். நேரே பெனால்டிக்குப் போவதும் செல்லும். தென்னமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்காவில் இறுதியாட்டம் தவிர்ந்த, தோற்றால் வெளியேறும் விலகல் சுற்று ஆட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எதைச் செய்வதானாலும் போட்டி விதிகளில் முன்கூட்டியே எழுதி, இரண்டு கழகங்களிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். 90ஆவது நிமிடத்தில் வானத்தைப் பார்த்துவிட்டு எடுக்கிற முடிவை எந்தக் கழகமும் ஏற்காது. வெளிச்சம் போய் உதைகள் பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற ஒரு வரியும் அந்த விதிகளில் இருக்கவேண்டும்.

மின்னொளியில் ஆடுவதென்றால் ஜெனரேற்றரைத் துணைக்கு வைத்திருப்பது மட்டும் போதாது. மின்சாரம் நின்று ஜெனரேற்றர் பிடித்தாலும் மைதானப் பெருவிளக்குகள் பல உடனே எரியா; சூடாறித் திரும்பப் பற்றப் பத்து நிமிடமளவு எடுக்கும். ஆட்டம் முழுவதையும் ஜெனரேற்றரிலேயே ஓட்டி, நகர மின்சாரத்தைத் துணைக்கு வைப்பது நல்லது. முதல்நாள் இரவு விளக்கைப் போட்டு இரண்டு கோல் வாயிலும் ஆளை நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பெனால்டிக்கு எந்தக் கோல் என்று நாணயம் சுண்ட வேண்டியதில்லை. தரை நிலைமை, பாதுகாப்பு போன்ற காரணங்கள் இருந்தால் மத்தியஸ்தரே தீர்மானிக்கலாம்.

பெனால்டி பற்றி மத்தியஸ்தர்களுக்கு இன்னொன்று. 2025 மார்ச்சில் ஸ்பெயினின் அத்லற்றிக்கோ மட்ரிட் கழகத்தின் ஹூலியான் அல்வாரெஸ் வழுக்கி, பந்து இரண்டு காலிலும் பட்டுக் கோலுக்குள் போய், அந்தக் கோல் மறுக்கப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதன் பிறகு விளக்கம் மாறிவிட்டது. தற்செயலாக இரண்டு முறை பட்டுக் கோலானால் திரும்ப உதைக்கவேண்டும்; கோலாகாவிட்டால் தவறவிட்டதாகப் பதிவு. பழையதை மனதில் வைத்திருக்கும் ஒருவர் விசிலோடு நின்றால் கிண்ணமே கைமாறிவிடும். ஆட்டத்துக்கு முன்னான விளக்கக் கூட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள்.

மைதானத்துக்கு வருவோம். 105 இற்கு 68 மீற்றர் என்று கோடு போட்டால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 125.1 மீற்றர் வரவேண்டும். ஒன்று 124.6, மற்றது 125.6 என்றால் மைதானம் சரிந்துவிட்டது. கோல் கோட்டைத் திரும்ப இழுக்கவேண்டும். மூலையைச் சதுரமாக்க 9, 12, 15 மீற்றர் முக்கோணம் போதும். நைலோன் கயிற்றால் அளக்காதீர்கள், அது இழுபடும். நாடா பிடியுங்கள். பெனால்டிப் புள்ளியின் நடுவிலிருந்து கோல் கோட்டின் வெளிவிளிம்பு வரைதான் 11 மீற்றர். உள்விளிம்பிலிருந்து அளந்தால் 12 சென்ரிமீற்றர் வரை தள்ளிப்போகும். கோல் குறுக்குக் கம்பத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளவுங்கள். வலையைக் கட்டி இழுத்த பழைய கம்பங்கள் நடுவில் தொய்ந்து 2.44 மீற்றருக்குக் கீழே வந்திருக்கும். கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையும் ஈரமும் பட்டால் முழங்காலையும் கண்ணையும் எரிக்கும். தண்ணீர் கலந்த எமல்சன் பெயின்ற், முதல்நாள் பின்னேரம் ஒரு தரம், அன்று காலை ஒரு தரம்.

அரங்கு பண்ணைக் கடலேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அறுகம்புல்லே தாக்குப்பிடிக்கும், ஆனால் மேல்மண் இறுகிவிடும். ஆட்டத்துக்கு இரண்டு கிழமை முன்பிருந்தாவது பவுசரில் நல்ல தண்ணீர் கொண்டுவாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பகலில் விசிறினால் பாதி காற்றோடு போகும், இரவில் விசிறுங்கள். பந்துகளை வெயிலில் குவித்து வைக்கவேண்டாம். நிழலில் சரியாகக் காற்றடித்த பந்து சுடுவெயிலில் கிடந்தால் அமுக்கம் 0.1 வளிமண்டலம் அளவுக்கு ஏறும். விதியின் எல்லை 0.6 இலிருந்து 1.1 வரைதான் என்பதால், மேல் எல்லைக்குக் கிட்ட அடித்த பந்து தாண்டிவிடும்.

அம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போனால், அடுத்தது வாசலில் நிற்கும்வரை ஆட்டத்தைத் தொடரக்கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கலாமே என்பது திட்டம் ஆகாது. அந்த வாசலில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதற்பாதி முடிவதற்குள் மோட்டார் சைக்கிள்கள் அங்கே வரிசையாக நிற்கும்.

பார்வையாளர் வாசலை இரண்டு மணித்தியாலம் முன்பே திறந்துவிடுங்கள். 2024 கோப்பா அமெரிக்கா இறுதியாட்டம், அதுவும் மயாமியில், வாசல் நெரிசலால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. பிறகு மேலதிக நேரமும் ஆடினார்கள். அவர்களுக்கு வெளிச்சம் இருந்தது.

கொழும்பிலிருந்து வரும் அணி ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பஸ்ஸில் வருகிறது. இரவு முழுக்க இருந்து வந்து அன்றே ஆட வைக்கவேண்டாம். இரண்டு இரவு தங்குமிடம் கொடுங்கள்.

விருந்தினர் அறிமுகத்தை 2.40க்குத் தொடங்கி 2.50க்கு முடித்துவிடலாம், கைகுலுக்குவதோடு. உடம்பைச் சூடாக்கி வந்த வீரர்கள் இருபது நிமிடம் பேச்சுக் கேட்டு நின்றால் முதல் வேக ஓட்டத்திலேயே தொடைத் தசை பிடிக்கும். பேச்சுகள் எத்தனை இருந்தாலும் கிண்ணம் கொடுத்த பிறகு வையுங்கள், நின்று கேட்கிறோம். பிரதம விருந்தினர் பிந்தினால், இடைவேளையில் வரவேற்கலாம். 3.00 மணிக்கு விசில்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் விசில் ஊதுபவர்களும் கோடு போடுபவர்களும்