நில ஏற்புரை வாசித்துவிட்டு அமர்ந்துவிடும் நம் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கனடாவில் இயங்கும் தமிழ் மன்றங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், பேரவைகள் எல்லாவற்றின் நிர்வாகிகளுக்கும் சேர்த்துத்தான், காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி இதை எழுதுகிறேன். யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்போவதில்லை. ஒரு பொங்கல் விழாதான் என்னை எழுத வைத்தது. ஆனால் அந்த விழாவை நடத்தியவர்கள் மட்டும்தான் இப்படி என்று சொன்னால் அது அநியாயம்.

நாம் நிற்கும் நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஏற்றுச் சொல்லும் நில ஏற்புரையுடன் விழா வழக்கம்போலத் தொடங்கியது. தம்பி ஒருவர் தாளைப் பார்த்து அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் என்று பூர்வகுடி இனங்களின் பெயர்களை வாசித்தார். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பிரமுகர்களுக்குப் பொன்னாடை.

அந்த மேடையில் பத்து நிமிடம் தரும்படி ஏற்பாட்டுக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். எனக்கில்லை. உறவைத் தொலைத்த ஒரு முதற்குடிக் குடும்பத்திலிருந்து ஒரு அம்மா வந்து பேச விரும்பினார், அவருக்காகக் கேட்டேன். "பொங்கல் மகிழ்ச்சியான நாள் அக்கா, அதில போய் சோகத்தை ஏன்? அதோட இது அரசியல்" என்று பதில் வந்தது. சரி, அரசியல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விழாவன்று போய்ப் பார்த்தால், மூன்று கட்சிக்காரர்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்கள். தமிழரின் கடின உழைப்பைப் பாராட்டினார்கள், "வணக்கம்" சொன்னார்கள், நாங்கள் கைதட்டினோம்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மேடையில் ஏறும் அரசியல்வாதியிடம், ஒலிவாங்கி போட்டிருக்கும்போதே, பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டதையும் காணாமல் போனதையும் ஆராய்ந்த தேசிய விசாரணை முன்வைத்த நீதிக்கான 231 அழைப்புகளில் உங்கள் கட்சி எதை எப்போது செய்யப்போகிறது என்று கேளுங்கள். அதையே அமைப்பின் கடிதத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

பின்னணியை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1980 முதல் 2012 வரை 1,181 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டோ காணாமல் போயோ இருந்தார்கள் என்று கனடாவின் தேசியப் பொலிஸான ஆர்.சி.எம்.பி.யே 2014இல் கணக்குச் சொன்னது. 2019 ஜூன் 3ஆம் திகதி வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை, நடந்தது இனப்படுகொலை என்றே எழுதியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அசையாமல் இருப்பதால்தான் இந்த மடல்.

நான் சில காலம் மனிற்றோபா மாகாணத்தின் வின்னிப்பெக்கில் வாழ்ந்தவள். அதனால் அந்த நகரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நான்கு பூர்வகுடிப் பெண்களை ஒருவன் கொன்றான். அவர்களில் மோர்கன் ஹாரிஸ், மார்சேடிஸ் மைரன் ஆகிய இருவரின் உடல்கள் நகரத்துக்கு வடக்கே இருக்கும் பிரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் கிடப்பதாகப் பொலிஸார் நம்பினார்கள். நம்பினார்கள் என்பதோடு நிற்கவில்லை, குடும்பங்களை அழைத்து அதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, தேடமாட்டோம் என்றும் சொன்னார்கள். காலம் கடந்துவிட்டதாம், குப்பைக்கு மேல் குப்பை கொட்டிக் களிமண்ணால் இறுக்கியாகிவிட்டதாம், அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதாம்.

அம்மா எங்கே கிடக்கிறாள் என்று தெரியும். எடுக்கமாட்டோம் என்கிறார்கள். இதை ஒரு மகள் எப்படித் தாங்குவாள்? ஒரு மகள் 2022 டிசம்பரில் ஒட்டாவாவுக்கே போய் ஊடகங்களின் முன்னால் நின்று கேட்டார். குடும்பங்களும் ஆதரவாளர்களும் இன்னொரு குப்பைமேடான பிரேடி வீதிக் குப்பைமேட்டருகே மோர்கன் பெயரில் ஒரு முகாம் போட்டார்கள். வின்னிப்பெக்கின் டிசம்பரை நான் அனுபவித்திருக்கிறேன், அது கூடாரத்தில் இருக்கிற காலமில்லை. பிறகு மார்சேடிஸ் பெயரில் இன்னொரு முகாம் எழுந்தது. அது எங்கே என்று நினைக்கிறீர்கள்? மனித உரிமைகளுக்கான கனடிய அருங்காட்சியகத்தின் பக்கத்தில். உள்ளே நுழைவுச்சீட்டு வாங்கி மனித உரிமை பார்க்கலாம், வெளியே இலவசமாக அதன் நிலைமையைப் பார்க்கலாம்.

தேடினால் 184 மில்லியன் டொலர் வரை செலவாகலாம், மூன்று ஆண்டு வரை எடுக்கலாம் என்று சாத்தியக்கூற்று அறிக்கை ஒன்று 2023இல் கணக்குப் போட்டது. தேடவே முடியாது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அன்றைய மனிற்றோபா அரசு தொழிலாளர் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தது. மறுத்ததோடு விட்டதா? அந்த ஆண்டு ஒக்டோபர் தேர்தலில் ஆளும் கட்சி அதையே விளம்பரமாக்கியது. குப்பைமேட்டுத் தேடலுக்கு எங்கள் பதில் 'இல்லை', இதில் உறுதியாக நிற்போம் என்று வாக்குக் கேட்டார்கள். தாயைத் தேடவேண்டாம் என்பது ஒரு தேர்தல் வாக்குறுதி. எங்கள் நாட்டில் பார்க்காத அரசியலா என்று நினைத்திருந்த எனக்கே அது புதிதாக இருந்தது.

அந்தக் கட்சி தோற்றது. முதற்குடிகளைச் சேர்ந்த வாப் கினியூ முதல்வரானார். 2024 மார்ச்சில் மத்திய அரசும் மாகாண அரசும் ஆளுக்கு 20 மில்லியன் டொலர் ஒதுக்கின. அந்த டிசம்பரில் தேடல் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் எச்சங்கள் கிடைத்தன, மார்ச்சில் இருவருடையவையும் என்று உறுதியாயிற்று. முடியாது, ஆபத்து, பணமில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட வேலை, தொடங்கிய சில மாதங்களில் பதில் தந்துவிட்டது.

கொல்லப்பட்ட நால்வரில் இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் யாரென்றே அப்போது தெரியவில்லை. பெயரில்லாமல் இருக்கக்கூடாது என்று சமூகத்தின் மூத்தோர் அவருக்கு 'காட்டெருமைப் பெண்' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். கொலைகாரனுக்குத் தீர்ப்பு வந்தது 2024 ஜூலையில். அப்போதும் அவர் அந்தப் பெயரோடுதான் இருந்தார். 2025 மார்ச்சில்தான் அவர் எந்தக் குடும்பத்தின் மகள் என்பது தெரிந்தது. யாருடைய பிள்ளை என்று தெரியாவிட்டாலும் தங்கள் பிள்ளை என்று எடுத்துக்கொண்ட சமூகம் அது.

இந்தக் குடும்பங்கள் தெருவில் நின்ற காலத்தில் நம் அமைப்புகள் ஏதாவது சொன்னதா என்று தேடிப் பார்த்தேன். ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு இந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிலும் வவுனியாவிலும் அம்மாக்கள் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களுக்காக நீங்கள் இங்கே மெழுகுதிரி ஏற்றினீர்கள், ஒட்டாவாவுக்கு மனுக்கொடுத்தீர்கள். நானும் கையெழுத்து வைத்தவள்தான். அந்த அம்மாக்களைத் தெரிந்த எங்களுக்கு வின்னிப்பெக் மகள்களைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லையே.

உங்களால் முடியாது என்றால் நான் கேட்கவே மாட்டேன். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒன்ராறியோவில் 2021இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம் நிறைவேறியது. 2022 மே 18ஆம் திகதி பாராளுமன்றம் நினைவுநாள் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. எந்த உறுப்பினருக்கு எப்போது தொலைபேசி எடுக்கவேண்டும், யாரை எந்த விருந்தில் பிடிக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி.

இன்னொன்றும் நினைவிருக்கும். 2013இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் போகமாட்டேன் என்று பிரதமர் ஹார்ப்பர் அறிவித்தபோது நாங்கள் எவ்வளவு நெகிழ்ந்துபோனோம். மனித உரிமைக்காக நிற்கும் தலைவர் என்றோம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் வின்னிப்பெக்கின் ரெட் ஆற்றிலிருந்து 15 வயதுப் பூர்வகுடிச் சிறுமியின் உடல் எடுக்கப்பட்டது. நாடே தேசிய விசாரணை கேட்டது. அதே ஹார்ப்பர் அந்த டிசம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில், உண்மையைச் சொன்னால் அது எங்கள் கவனத்தில் அவ்வளவு மேலே இல்லை என்றார். நாங்கள் அப்போதும் நன்றிக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். ஆற்றங்கரைக்காரர்களோ காத்திருக்கவில்லை, படகில் ஏறி, கொக்கிகளைத் தண்ணீருக்குள் இழுத்து, தங்கள் உறவுகளைத் தாங்களே தேடத் தொடங்கினார்கள்.

எழுத வந்ததை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு விருந்துகளில் நான் கேட்கும் பேச்சு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவங்கள் குடிச்சுப்போட்டுக் கிடக்கிறவங்கள், அரசாங்கம் சும்மா காசு குடுக்குது." 2010இல் சன் சீ கப்பலில் எங்கள் தமிழ் அகதிகள் 492 பேர் வந்து இறங்கியபோது எங்களைப் பற்றி இந்த நாட்டில் என்னென்ன பேசினார்கள் என்பதை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா? சில்ட்ரன்ஸ் எயிட் என்ற பிள்ளைகள் நல அமைப்பின் பெயரைக் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று நடுங்குகிற சனம் நாங்கள். மனிற்றோபாவில் அரசின் பராமரிப்பில் வைக்கப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பூர்வகுடிப் பிள்ளைகள். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சிறுமியும் அரசின் பராமரிப்பில் இருந்தவள்தான். பாதுகாப்பதாகச் சொல்லி எடுத்தவர்கள் ஹோட்டல் அறையில் தங்கவைத்தார்கள், அவள் அங்கிருந்துதான் காணாமல் போனாள். குடிக்கிறார்கள் என்று சொல்வதற்கு முன், இதில் ஒன்று எங்கள் வீட்டில் நடந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கலாம்.

சரி, கோபத்தை இத்தோடு நிறுத்துகிறேன். கேட்க வந்ததைப் பணிவாகவே மறுபடி கேட்கிறேன்.

அந்த 231 அழைப்புகளில் பெரும்பாலானவை இன்னும் நிறைவேறவில்லை. பாதுகாப்பான தங்குமிடம், தூர ஊர்களிலிருந்து வர பஸ், பொலிஸ் மீது சுதந்திரமான கண்காணிப்பு என்று அவற்றில் இருப்பவை எல்லாம் செய்யக்கூடியவைதான். உங்களிடம் மேடை இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது, வாக்குக்காக வந்து நிற்கும் அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். கேளுங்கள். பொன்னாடை போர்த்த முதல் கேட்டாலும் சரி, போர்த்திய பிறகு கேட்டாலும் சரி.

மே 5ஆம் திகதி, காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைவுகூரும் சிவப்பு ஆடை நாள். மெட்டி (Métis) என்ற பூர்வகுடி இனக் கலைஞர் ஜேமி பிளாக் 2010இல் ஆளில்லாத சிவப்பு ஆடைகளை மரங்களில் தொங்கவிட்டுத் தொடங்கியது இன்று நாடு முழுக்க நடக்கிறது. அன்று அவர்கள் நடத்தும் நிகழ்வுக்குப் போய் அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள். பதாகையில் உங்கள் அமைப்பின் பெயரைப் பெரிதாகப் போடவேண்டாம். அடுத்த பொங்கலுக்கு யாரைப் பேச அழைப்பது, அழைப்பதா என்பதை அங்கே போய் அவர்களிடமே கேட்டுத் தீர்மானிக்கலாம். நான் அழைத்துவருவதாகச் சொன்ன அம்மா இனி வருவாரா என்று தெரியவில்லை, எப்படிக் கேட்பது என்றும் கூச்சமாக இருக்கிறது.

அமைச்சருக்கும் கட்சித் தலைவர்களுக்கும் அனுப்பவேண்டிய கடிதத்தின் வரைவை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். திருத்துங்கள், குறையுங்கள், என் பெயரை எடுத்துவிடுங்கள். உங்கள் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று ஏப்ரல் முடிவதற்குள் எழுத்தில் அறியத்தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவெடுத்தால் அதையும் எழுத்திலேயே தாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் விழாக்களுக்குத் தவறாமல் வரும் ஒருத்தி
ஸ்காபுறோ