கீரை வறையில் தேங்காய்ப்பூ இருக்கட்டும்

யாழ்ப்பாணத்தில் பாடசாலை உணவுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிபர்மாருக்கும், கல்வி அலுவலர்களுக்கும், சமைத்துத் தரும் அம்மாமாருக்கும் வணக்கம்.

போன தவணையில் ஒரு வேலையாக என் பெறாமகன் படிக்கும் பாடசாலைக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் சாப்பிடும் நேரம். சோறு, பால் விடாத பருப்பு, முருங்கையிலை. இலையைக் கொஞ்சம் வாங்கி வாயில் வைத்தேன். உப்பும் மஞ்சளும் போட்டு வெறும் தண்ணீரில் அவித்தது, துருவிய தேங்காய் இல்லை. "தேங்காய்ப்பூ போடேல்லையா?" என்று கேட்டேன். "தேங்காய் விக்கிற விலைக்குக் கட்டுபடியாகாது மிஸ். சத்து இலையிலதானே இருக்கு" என்றார் சமைத்தவர். அவரில் பிழையே இல்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற காசுக்குள் அவர் என்னத்தைத்தான் செய்வார்?

ஆனால் கடைசியாகச் சொன்னாரே, சத்து இலையில்தானே இருக்கு என்று, அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நான் முப்பது வருடமாக ஆய்வுகூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

பயிர்களில் இருக்கும் நிறமிகள்தான் என் வேலை. அது தொடங்கிய இடம் ஒரு குப்பி விளக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பெரிய தட்டுப்பாடு. ருஷ்ய தாவரவியலாளர் ஸ்வெத் கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து இலையின் நிறங்களைப் பிரித்த கதையை ரீச்சர் ஒருவர் சொல்ல, செய்து பார்க்க ஆசை வந்துவிட்டது. குழாய்க்கு எங்கே போவது? கரும்பலகை வெண்கட்டி ஒன்றின் அடியில் இலைச்சாற்றைப் பூசிக் காயவைத்தேன். அம்மாவிடம் கெஞ்சி விளக்கிலிருந்து இரண்டு கரண்டி மண்ணெண்ணெய் வாங்கி அதற்குள் வெண்கட்டியை நிறுத்தினேன். அன்று இரவு வெளிச்சம் குறைந்ததற்கு அண்ணாவிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை. பச்சை அடியிலேயே நிற்க, மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று மட்டும் மேலே ஏறியது. அதுதான் கரோட்டீன், நம் உடல் விற்றமின் ஏ ஆக்கிக்கொள்ளும் நிறமி. பச்சையம் மூடி வைத்திருப்பதால் இலையில் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த மஞ்சள் ஏன் ஏறியது என்பதில்தான் என் கடிதத்தின் விஷயமே இருக்கிறது. கரோட்டீன் எண்ணெயோடு சேரும், தண்ணீரோடு சேராது. மண்ணெண்ணெய் ஏற அதுவும் கூடவே ஏறிவிட்டது. குடலிலும் இதே கதைதான். சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீரோடு சேர்ந்து நுண்துளிகள் உண்டாகும், கரோட்டீன் அதில் ஏறிக்கொண்டு குடற்சுவருக்குள் போகும், பிறகு பிளந்து விற்றமின் ஏ ஆகும். கொழுப்பு இல்லையென்றால் பெரும்பகுதி உடலில் சேராமல் கழிவோடு போய்விடும். அமெரிக்காவின் அயோவாவில் செய்யப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றில், எண்ணெயே இல்லாத சலாட் கலவையோடு சமைக்காத காய்கறி சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் கரோட்டீன் ஏறியது கிட்டத்தட்டப் பூச்சியம். எண்ணெய் சேர்த்ததும் ஏறியது.

கணக்கும் ஏற்கெனவே இறுக்கமானது. உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரோட்டீன்தான் உடலில் 1 மைக்ரோகிராம் விற்றமின் ஏ என்று கொள்ளப்படுகிறது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் விற்றமின் ஏ வேண்டும். இதில் கொழுப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? மஞ்சள்தூள் போட்டதால் சரியாகிவிடாது. அது வேறு நிறமி, அதிலிருந்து விற்றமின் ஏ வராது.

இன்னொரு பயத்தையும் அடிக்கடி கேட்கிறேன். சிவப்புக் கீரையை அவிக்கும்போது தண்ணீர் சிவக்கிறதே, சத்தெல்லாம் போய்விட்டதா என்று. போவது பீற்றாலெயின், பீற்றூட்டில் இருக்கும் வகைச் சிவப்பு நிறமி. அது தண்ணீரில் கரையும். விற்றமின் சீயும் ஓரளவு போகும். கரோட்டீன் இலையிலேயே இருக்கும். சொல்லப்போனால் அளவாக அவிப்பது நல்லது, இலையின் கலங்கள் இளகி அது வெளியே வரும். அதைக் கெடுப்பது வெயிலும் காற்றும்தான். ஆய்வுகூடத்தில் நாங்கள் மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்வதும் இதனால்தான். "மிஸ்ஸின்ர அறையில எப்பவும் கரண்ட் கட்" என்று என் மாணவர்கள் பகிடி பண்ணுவார்கள். 2022 இல் உண்மையான மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போய், உறைபெட்டியில் இருந்த ஒரு பருவத்து இலை மாதிரிகள் அத்தனையும் பழுதான பிறகு அந்தப் பகிடியை யாரும் சொல்வதில்லை.

அரிசிக்குள்ளேயே கரோட்டீனை உண்டாக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் காட்டியபோது நானும் அப்படி ஏதாவது செய்வேன் என்றுதான் நினைத்தேன். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொன்னரிசியைச் சாப்பிட்டாலும் பக்கத்தில் கொழுப்பு வேண்டும். நமக்கோ வேலிக்கு வேலி முருங்கை நிற்கிறது. அதை வறையாகச் செய்து தேங்காய்ப்பூவும் போட்ட எங்கள் ஆச்சிமாருக்கு நுண்துளி என்றால் என்னவென்று தெரியாது. ருசிக்காகத்தான் போட்டார்கள்.

தேங்காய் விலை எனக்கும் தெரியும், யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் நானும்தான் பேரம் பேசுகிறேன். வேண்டியது அதிகமில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும். பிள்ளை ஒன்றுக்கு 15 கிராம் தேங்காய்ப்பூ, அல்லது தாளிதத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். முட்டை கொடுக்கும் நாளில் இரண்டையும் விட்டுவிடலாம், மஞ்சட்கருவே அந்த வேலையைப் பார்க்கும். ஆகவே முட்டையும் கீரையும் வேறு வேறு நாட்களில் வந்தால் ஒரே நாளுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது.

நான் கேட்பது இவ்வளவுதான். சமைப்பவர்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் கீரைக்கு நேரே "தேங்காய்ப்பூ அல்லது எண்ணெய்" என்று எழுதி, அதற்கான காசையும் சேர்த்துக் கொடுங்கள். காசில்லாமல் வரியை மட்டும் எழுதினால் அது அந்த அம்மாமாரின் தலையில்தான் விழும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு நாள் கூப்பிடுங்கள். வெண்கட்டியும் முருங்கையிலையும் நான் கொண்டுவருகிறேன். மண்ணெண்ணெய் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
நிறமிகளோடு மல்லுக்கட்டும் ஒரு யாழ்ப்பாணத்து ஆய்வாளர்